கரண்ட் வரும் கம்பி எது என்று கேட்டேன்

கை நீட்டுவது என்றால் தமிழில் இரண்டு காரியங்கள். ஒன்று வாங்குவதற்கு நீட்டுவது. மற்றது அடிப்பதற்கு நீட்டுவது. பேசுகிறவர் இதில் எதைச் சொல்கிறார் என்பது பேச்சு வந்த பிள்ளைக்கும் புரியும். எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கும் புரிந்தது. புரிந்துகொண்டுதான் மாற்றிச் சொன்னார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்து நான் எழுதப்போவதில் பெரும்பகுதி என்னுடைய முட்டாள்தனத்தைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு யாரும் அவருடைய காரியத்தையும் என்னுடைய காரியத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அப்போது நான் பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் பாடசாலையில் ஆசிரியராக இருந்தேன். 1977ஆம் ஆண்டின் முதல் மாதங்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஓரிரண்டு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரையின் நாற்காலியில் நம் நாட்டுத் துரை உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒரு தொழிலாளியை விசாரிப்பதென்றால் அது இன்னமும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது, தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்றவர், தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர். அவர் சொன்னதுதான் துரையின் காதில் விழும். அவர் சொன்னதுதான் தட்டச்சாகும்.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் டயரி எழுதுவது என் வழக்கம். மழை பெய்ததா, பஸ் எத்தனை மணிக்கு வந்தது, யாருக்கு என்ன நோய், என்ன படித்தேன். ஜனவரி மாதத்துத் திங்கட்கிழமையொன்றில் "பனி. மழை இல்லை. பஸ் இருபது நிமிடம் தாமதம்" என்று எழுதியிருக்கிறேன். அன்று காலைதான் அது நடந்திருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது.

மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறிப்பவர். கணவர் இறந்து ஆறேழு வருடம். இரண்டு பெண் பிள்ளைகள், இருவரும் என்னிடம் படித்தவர்கள். அன்று காலை அக்காவுக்குக் காய்ச்சல். தோட்டத்து மருந்துச் சாலைக்குப் போக வேண்டுமென்றால் கணக்கப்பிள்ளை கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு வேண்டும். அவர் மலையில் வேலையைப் பார்த்துக்கொள்பவர், இளவயதுக்காரர், யாரையும் "நீ" என்றுதான் பேசுவார். அக்கா துண்டுக்குக் கையை நீட்டினார். அவர் துண்டைப் பின்னால் இழுத்தார். அக்கா இன்னும் ஓரடி முன்னால் போய் நீட்டினார். அவர் சட்டென்று விலகியதில் கையிலிருந்த பலகையும் தாள்களும் சேற்றில் விழுந்தன. சுற்றி நின்ற பெண்களில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் நினைக்கிறேன். அன்று மாலையே, கொழுந்துப் பெண்ணொருத்தி தன்னை அடித்துவிட்டாள் என்று கணக்கப்பிள்ளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

துரையின் அறையில் தொழிலாளி உட்காருவதில்லை. நிலைப்படியைத் தாண்டி ஒரு முழம் உள்ளே, இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அக்காவும் அப்படித்தான் நின்றிருக்கிறார். துரை கேட்டதைப் பெரிய கிளாக்கர் தமிழில் கேட்டார்.

"கணக்கப்பிள்ளைய என்ன செஞ்ச?"

"ஒன்னும் செய்யலீங்க. துண்டுக்கு நான் கையத்தாங்க நீட்டினேன்."

பெரிய கிளாக்கர் துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துரை எழுதிக்கொண்டார். ஒரு தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அக்கா தன் பெயரை எழுதத் தெரிந்தவர், எழுதினார். விசாரணை முடிந்தது என்று வெளியே அனுப்பினார்கள். காய்ச்சலோடு போனவர் நான்கு நாள் கழித்து அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு என் குவாட்டர்ஸுக்கு வந்தார்.

"மாஸ்டர், இதுல என்னமோ இருக்காம். வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். இரண்டாவது முறையும் வாசித்தேன். கணக்கப்பிள்ளையை அடிக்கத் தான் கை ஓங்கியதைத் தொழிலாளி ஒப்புக்கொள்கிறார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே அக்காவின் கையெழுத்து.

"அக்கா, நீங்க அவர அடிக்கக் கை ஓங்கினத ஒத்துக்கிட்டீங்கன்னு போட்டிருக்கு."

"யாரு ஒத்துக்கிட்டது?"

"நீங்கதான். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன அடிக்கிறதுன்னா நான் எதுக்குக் கைய நீட்டுறேன்? முதுகுல கொழுந்துக் கூடை கெடக்கே, அதக் கழட்டி அடிச்சிருக்க மாட்டேனா? கூடை உள்ளவ எவளாவது கையால அடிப்பாளா மாஸ்டர்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டாவது விசாரணை பண்டாரவளையில், தோட்டங்களை மேற்பார்க்கும் அலுவலகத்தில், மார்ச் மாதத்து வியாழக்கிழமையொன்றில் காலை பத்து மணிக்கு என்று கூடவந்த கடிதம் சொன்னது. அங்கும் குற்றம் நின்றுவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் வெட்டப்பட்டால் லயத்துக் காம்பராவை விட வேண்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் காம்பராவைத் தவிர இந்த உலகத்தில் வேறு கூரை இல்லை. தொழிலாளி தனக்குத் துணையாக ஒருவரைக் கூட்டி வரலாம் என்றும், துணைக்கு வருபவர் விசாரணையில் பேசக் கூடாது என்றும் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. மொழிபெயர்க்கப்போவது அங்கும் பெரிய கிளாக்கரே.

பேசக் கூடாதென்றால் கேட்கலாம். கேட்டதை வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் எனக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது.

கப்பலில் வேலை செய்த என் மைத்துனர் முந்தைய வருடம் எனக்கு ஒரு சிறிய டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து தந்திருந்தார். ஒரு கையில் பிடிக்கலாம், தடித்த புத்தகமளவு. சாதாரண டார்ச் பெட்டரி அதற்குள் போகாது. அதற்கென்றே ஒரு பெட்டரிக் கட்டு உள்ளே இருந்தது. தீர்ந்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றுவதற்கு வந்த சார்ஜரோ எந்த நாட்டுக்குச் செய்ததோ, பதுளையில் ஒரு சிநேகிதர் வீட்டில் சொருகிய அடுத்த நிமிடமே புகைந்துவிட்டது. அன்றிலிருந்து பெட்டி அலமாரியில் கிடந்தது.

விசாரணையைப் பதிவுசெய்ய அனுமதி கேட்டுப் பண்டாரவளை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ஆட்சேபணை இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலைப் பெரிய கிளாக்கருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். அதற்கு மறுநாள் அவர் என்னைப் பாடசாலை வாசலில் பார்த்துப் புன்னகை செய்தார். அதுவரை செய்ததில்லை.

பெட்டியை உயிர்ப்பிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மின்சாரம் தொழிற்சாலையிலும் பங்களாவிலும் பெரிய கிளாக்கர் வீட்டிலும்தான் இருந்தது. அங்கே போய்க் கேட்க முடியுமா? பதுளைக் கடைத்தெருவில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கிய ஆங்கில ரேடியோ சஞ்சிகையொன்று என்னிடம் இருந்தது. காரின் பெட்டரியிலிருந்து சிறிய பெட்டரிக் கட்டுகளை ஏற்றும் வழி அதில் படத்தோடு போட்டிருந்தது. எளிதான சமாச்சாரம். காரின் பெட்டரிக்கு வேகம் அதிகம். நேரே இணைத்தால் சிறியது கெட்டுப்போகும். இரண்டுக்கும் நடுவில் காரின் மீட்டருக்குள் எரியும் சின்னப் பல்பு ஒன்றை வைத்தால் அது அணையாக நிற்கும். பல்பு மங்கலாகச் சிவந்தால் சரியான அளவில் ஏறுகிறது என்று அர்த்தம்.

படத்தில் இன்னொரு சாமானும் இருந்தது. அம்புக்குறி போட்ட, நெல்லளவு சாமான். மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் போக விடும், கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் அடைத்துக்கொள்ளும். பதுளையில் ரேடியோ திருத்தும் இரண்டு கடைகளிலும் அது இருக்கவில்லை. கொழும்பிலிருந்து எடுப்பிக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். கம்பியை மாற்றிக் கொடுக்கிறவனுக்குத்தானே அது, நான் என்ன கம்பியை மாற்றிக் கொடுக்கப்போகிறேனா என்று நினைத்தேன். பத்து வயதிலிருந்து டயரி எழுதுகிறவன், பஸ் வந்த நிமிடத்தைக் குறித்து வைக்கிறவன். என்னுடைய கவனமே அந்தச் சாமானுக்குப் பதிலாக இருக்கும் என்ற அந்த அகம்பாவத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

சோப்பு வைக்கும் ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டிக்குள் பல்பை வைத்துக் கட்டினேன். பெட்டியின் மூடியில் பல்பு தெரிய ஒரு துளை. ரெக்கார்டரின் ஓட்டைக்குள் பொருந்தும் முனை எங்கும் கிடைக்கவில்லை. தீர்ந்துபோன பேனாவொன்றின் பித்தளை முனையை அறுத்து, அதற்குள் கம்பியை விட்டு, அடுப்பில் காய்ச்சிய இரும்பால் ஈயம் வைத்தேன். விரலைச் சுட்டுக்கொண்டேன். மறுமுனையில் இரண்டு முதலைக் கிளிப்புகள். பிளஸ் பக்கத்துக் கிளிப்புக்கு மனைவியின் சிவப்பு நகப்பூச்சைப் பூசினேன். பிளஸும் மைனஸும் மாறினால் ஏறாது, உள்ளே இருப்பதும் இறங்கிவிடும் என்று சஞ்சிகையில் இருந்த வரியின் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். அந்தக் கோடுகள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

விசாரணைக்கு ஐந்து நாள் முன்னால், சனிக்கிழமை, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லொறி பெட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடைக்குப் போனேன். தரையில் கிடந்த ஒரு பெட்டரியில் சிவப்பைச் சிவப்பிலும் மற்றதை மற்றதிலும் பிடிக்கவைத்தேன். பல்பு, அணையப்போகும் பீடி நெருப்புப் போலச் சிவந்தது. இரண்டு மணி நேரம் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்தேன். பிறகு பொத்தானை அழுத்தினேன். ரீல் சுற்றியது. கடைக்காரர் இருமியதும் தெருவில் லொறி போனதும் திரும்பக் கேட்டன. வீட்டுக்கு வந்து அக்காவைப் பேசச் சொல்லி ஒரு பத்து நிமிடம் சோதித்தேன். அக்கா தன் குரலைக் கேட்டுவிட்டு, "நான் இப்படியா பேசுறேன்? எங்க மாமியா மாதிரியில்ல இருக்கு" என்றார்.

இரண்டு மணி நேரம் ஏற்றியதில் ஒரு மணி நேரம் ஓடும் என்பது என் கணக்கு. விசாரணை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால்? அதுதான் என்னை அரித்தது. அந்தக் கவலை இல்லாதிருந்தால் நான் அந்தச் சவர்க்காரப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு, வாடகைக்குப் பேசியிருந்த ஹயர் கார் வந்தது. காரின் சொந்தக்காரரும் ஓட்டுபவரும் ஒருவரே. பதுளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஹயர் ஓடப் பிடிக்கும் என்று ஓடுபவர். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். கார் என்னைவிடச் சில வருடம்தான் இளையது, இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பழைய கார். அக்கா பின்னால் ஏறினார். நான் முன்னால் உட்கார்ந்து சவர்க்காரப் பெட்டியை எடுத்தேன்.

"அது என்ன மாஸ்டர், குளிக்கவா போறீங்க?"

"நானா, உங்க கார்ல இருந்து கொஞ்சம் கரண்ட் எடுக்கலாமா? இந்த ரெக்கார்டருக்கு ஏத்தணும்."

"என்ட காரே தள்ளி ஸ்டார்ட் பண்ற கார். அதுட்ட போய்க் கேக்குறீங்களே." சொல்லிக்கொண்டே டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு இரண்டு மூன்று கம்பிகளை வெளியே இழுத்தார். "எடுங்க, எடுங்க. ரேடியோவுக்குப் போட்டது. ரேடியோ போய்ட்டு, கம்பி மட்டும் ஈக்கி."

"கரண்ட் வரும் கம்பி எது?"

"இந்தா, இது. மத்தத பாடியில பிடிங்க, எங்க இரும்பு தெரியுதோ அங்க."

கரண்ட் வருவது பிளஸ், பாடி மைனஸ். எனக்கு அதில் சந்தேகமே எழவில்லை. சிவப்புக் கிளிப்பை அவர் காட்டிய கம்பியில் கடிக்கவைத்தேன். மற்றதைக் கதவுப் பக்கத்து இரும்பில். பித்தளை முனையை ரெக்கார்டரில் சொருகினேன்.

பல்பு பளீரென்று எரிந்தது. சனிக்கிழமை கடையில் எரிந்ததைப் போலில்லை. நல்ல வெள்ளையாக எரிந்தது.

"மாஷா அல்லாஹ்," என்றார் நானா. "சிகரெட் பத்த வைக்கலாம் போல ஈக்கே."

"ஓடுற கார்ல வேகம் கூட, அதுதான்," என்று அவருக்கு விளக்கினேன். இதை நான் உண்மையிலேயே சொன்னேன். டயரியிலும் எழுதியிருக்கிறேன், விசாரணைக்கு முன்பே, காருக்குள்ளேயே பென்சிலால்: "7.25. பல்பு மிக நன்றாக எரிகிறது. பண்டாரவளைக்குள் நிறைந்துவிடும்."

பதுளையைத் தாண்டி, ஹாலி-எல, தெமோதரை, எல்ல என்று இரண்டு மணி நேரம் மலையேறினோம். இரண்டு மணி நேரமும் அந்தப் பல்பு எரிந்தது. நானாவுக்கு ஓய்வில்லாத வாய். அக்காவிடம், "ஒங்கட தோட்டத்துக் கிளாக்கர் ஐயா இன்னைக்குப் பேச முன்ன ரெண்டு தரம் எச்சில் முழுங்குவாரு பாருங்க" என்றார். அக்கா முதல் முறையாகச் சிரித்தார். நான் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, என் புத்தியை மெச்சிக்கொண்டு வந்தேன்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை. அதிகாரி நடுவயதுக்காரர், கண்ணாடி போட்டவர், பேச்சில் கடுமை இல்லை. பக்கத்தில் தட்டச்சுக்காரர். கணக்கப்பிள்ளை ஒரு நாற்காலியில். பெரிய கிளாக்கர் கோட் அணிந்து வந்திருந்தார். அக்காவுக்கு நாற்காலி இல்லை. மேசைக்கு முன்னால் கையைக் கட்டி நின்றார். எனக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு.

நான் ரெக்கார்டரை மேசைமேல், எல்லோரும் பார்க்கும்படி வைத்துப் பொத்தானை அழுத்தினேன். சன்னல் போன்ற சின்னக் கண்ணாடிக்குள் ரீல் சுற்றியது. அதிகாரி ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெரிய கிளாக்கர் நானா சொன்னபடியே எச்சிலை விழுங்கினார்.

அடுத்த சில நிமிடங்களில் நான் கண்டதை நினைத்தால்தான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. அவர் நன்றாக மொழிபெயர்த்தார். சொல்லுக்குச் சொல். அக்கா சொன்ன காய்ச்சல், பனி, துண்டைக் கணக்கப்பிள்ளை பின்னால் இழுத்தது, எல்லாம் ஆங்கிலத்தில் அப்படியே போயின. எனக்கே வராத அழகான ஆங்கிலம். இந்த மனிதருக்கு இவ்வளவு தெரியுமா என்று அதிர்ந்து உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் செய்தார் என்று யாராவது அவருக்காகப் பரிந்து பேச வந்தால் அந்தச் சில நிமிடங்களைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன். ஒரு சின்ன ரீல் சுற்றுகிறது என்பதற்காக உண்மை பேசிய மனிதர் அவர்.

நான்கு கேள்விகள் முடிந்திருக்கும். ரீல் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒரு சுற்று, அரைச் சுற்று, பிறகு நின்றுவிட்டது.

நான் எழுந்து பொத்தானை மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை. தட்டினேன். ஒன்றுமில்லை.

பெரிய கிளாக்கர் என் பக்கமாகச் சாய்ந்து, தாழ்ந்த குரலில், தமிழில் சொன்னார்: "மாஸ்டர், ஒங்க சாமான் தூங்கிருச்சு போல. எழுப்பாதீங்க, பாவம்."

அதிகாரி என்ன என்று கேட்டார். பெட்டரி தீர்ந்துவிட்டது என்று பெரிய கிளாக்கரே ஆங்கிலத்தில் விளக்கினார். நான் வாயைத் திறந்தேன். துணைக்கு வந்தவர் பேசக் கூடாது என்று தட்டச்சுக்காரர் நினைவூட்டினார். உட்கார்ந்தேன்.

அடுத்த கேள்வி, கணக்கப்பிள்ளையைத் தொழிலாளி என்ன செய்தார் என்பது.

"என்ன செஞ்ச, சொல்லு."

"துண்டுக்குக் கைய நீட்டினேங்க. அவ்வளவுதான்."

பெரிய கிளாக்கர் அதிகாரியைப் பார்த்து, தான் கை ஓங்கியதாகத் தொழிலாளி மறுபடியும் ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. தட்டச்சு யந்திரம் தடதடத்தது.

அக்காவுக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவே.

அக்கா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். மேசைக்கு நேரே இரண்டு அடி வைத்தார். வலது கையை, உள்ளங்கை மேலே தெரிய, அதிகாரியின் முகத்துக்கு முன்னால் நீட்டினார். நீட்டியபடியே நின்றார்.

"ஏய், கையக் கட்டு," என்றார் பெரிய கிளாக்கர்.

"இப்படித்தாங்க நீட்டினேன்," என்றார் அக்கா அதிகாரியைப் பார்த்து. "இப்படி."

"கையக் கட்டுன்னு சொல்றேன்ல."

கை அங்கேயே இருந்தது. வேகமாகப் பறித்து வெடித்த விரல்கள், தேயிலைக் கறை. அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம் நேரே ஆங்கிலத்தில் கேட்டார், அவள் கை இப்படியா இருந்தது என்று. கணக்கப்பிள்ளைக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். பெரிய கிளாக்கரைப் பார்த்தார். "ஆம்" என்றார். பிறகு "இல்லை" என்றார். அதிகாரி விசாரணையை முடித்துக்கொண்டு, முடிவு தபாலில் வரும் என்றார்.

காரில் ஏறியதும் நானாவின் மேல் பாய்ந்தேன். அவர் காரின் பெட்டரி செத்தது என்றும், காரே ஒரு பழைய இரும்பு என்றும், இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஒருவர் மேல் கத்த வேண்டியிருந்தது. கத்த வேண்டியவர் மேல் கத்த முடியவில்லை. நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சவர்க்காரப் பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு பிளஸ்ஸா மாஸ்டர்?"

"ஆமா."

"என்ட காருல பாடிதான் பிளஸ். பழைய இங்கிலீஸ் காரு எல்லாம் அப்படித்தான். கரண்ட் வார கம்பி மைனஸ்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கரண்ட் வார கம்பி எதுன்னு கேட்டீங்க. அதத்தான் காட்டினேன். பிளஸ் எதுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இரண்டு மணி நேரம், ஹாலி-எல, தெமோதரை, எல்ல என்று வழி நெடுக, ரெக்கார்டரில் இருந்ததை நானே கறந்து வெளியே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு பெட்டரிகளும் சேர்ந்து அந்தப் பல்பைத் தள்ளியதால்தான் அது அப்படி எரிந்தது. ஒன்றுமே செய்யாமல் போயிருந்தால், சோதித்தது போக, ஐம்பது நிமிடம் ஓடியிருக்கும். விசாரணை நடந்தது முப்பத்தைந்து நிமிடம்.

சில வருடங்களுக்குப் பிறகு இந்தக் கதையைக் கேட்ட ஒரு சிநேகிதர், "நீயும் ஒரு சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டாய், கிளாக்கரும் மாற்றிச் சொன்னார், இரண்டும் மொழிபெயர்ப்புப் பிழைதானே" என்று வேடிக்கையாகச் சொன்னார். நான் அவரோடு பல மாதங்கள் பேசவில்லை. என்னுடையது பிழை. கிளாக்கருடையது பிழையல்ல. நானாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அன்று அல்ல. அன்று வீடு வரும்வரை பின் சீட்டிலிருந்து அக்காதான் அவரோடு பேசிக்கொண்டு வந்தார். நானாவின் துணிக்கடையில் எந்தச் சீலைக்குச் சாயம் போகாது என்பதைப் பற்றி.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, முடிவு வந்தது. அக்கா கடிதத்தைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். முதல் பத்தியில், கணக்கப்பிள்ளையை அடித்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் நிரூபிக்கப்படவில்லை, பெயர் வெட்டப்படாது என்று இருந்தது. அதை வாசித்ததும் அக்கா நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் பத்தியை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. வாசித்தேன். விசாரணையின்போது மேலதிகாரியின் முன் கையைக் கட்டாமல் நீட்டி மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதற்காக இரண்டு வாரம் வேலை இல்லை. ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, மறுநாள் தோட்ட அலுவலகத்தில் பெரிய கிளாக்கர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.

நான் தாளைக் கசக்கப் போனேன். கையெழுத்துப் போடாதீர்கள், அப்பீல் எழுதுவோம், நாளைக்கே பதுளைக்குப் போகிறேன் என்றேன். தட்டச்சு செய்ய ஆள் இருக்கிறது, சட்டம் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று அடுக்கிக்கொண்டே போனேன். இந்த இரண்டு வாரமும் எதற்கு, காய்ச்சலுக்குத் துண்டு கேட்டதற்கா, இல்லை அதைச் செய்து காட்டியதற்கா என்று கத்தினேன். அக்கா என் சத்தம் அடங்கும்வரை இருந்தார்.

"அந்த எடத்த இன்னொரு தரம் வாசிங்க மாஸ்டர். தமிழ்ல."

"மேலதிகாரியின் முன் கையை நீட்டி."

"ஓங்கின்னு இல்லியே?"

"இல்ல. நீட்டின்னுதான் இருக்கு."

அக்கா கடிதத்தை வாங்கி மடித்து, சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். "அப்ப போடுறேன். இந்த வாட்டிதான் நான் செஞ்சத எழுதியிருக்காங்க. அந்தாளு பார்த்துக்கிட்டு இருக்கவே போடுறேன்."

மறுநாள் காலை எட்டரைக்கு அவர் அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.